காரில் வைத்த ஜிஎம்ஆர்எஸ் ரேடியோ (காருக்குக் கார் பேசிக்கொள்ளும் இருவழி ரேடியோ) ரெண்டு மைல்கூட எட்டவில்லை. 15 வாட்டை விற்றுவிட்டு 50 வாட் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அந்தக் காசில் கால்வாசியை ஆண்டெனாவுக்கும் ஒயருக்கும் போட்டாலே போதும்.

வண்டி என்ன, ஆண்டெனாவை எங்கே வைத்தீர்கள் என்று கேள்வியில் எழுதவில்லை. நானாக ஊகிக்கிறேன். அமெரிக்காவில்தான் எங்கோ இருக்கிறீர்கள். லாங் வீக்கெண்டுக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து கிளம்புகிறீர்கள். போன தடவை மலைப்பக்கம் செல்போன் சிக்னல் போய், ஒரு கார் வேறு எக்ஸிட்டில் இறங்கி, ஒரு மணி நேரம் தேடியிருப்பீர்கள். அதனால் ரேடியோ. கூட வந்த காந்த ஆண்டெனா இப்போது டாஷ்போர்டு மேல் உட்கார்ந்திருக்கும். வாட்ஸாப் குழுவில் ஒருத்தர் "பவர் பத்தலை, அம்பது வாட் எடுங்க பாஸ்" என்றிருப்பார். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் மன்னியுங்கள், ஆனால் என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே கதைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள் பரீட்சை எழுதி எடுப்பது) கிடையாது, பிழைப்பு டேட்டாபேஸ் வேலை. "டெசிபல் தெரியாதவன் எல்லாம் பதில் எழுதுறான்" என்று கமெண்டில் வரப்போகும் அண்ணன்மார்களுக்கு: 15 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனால் கூடுவது 5 டெசிபல் சொச்சம் (டெசிபல் என்பது சிக்னல் பலம் எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அளவு). கேட்பவரின் சிக்னல் மீட்டரில் ஒரு எஸ் யூனிட், அதாவது ஒரு கோடு, ஏறவே 6 டெசிபல் வேண்டும். ஆக முழுசாக ஒரு கோடுகூட ஏறாது. டாஷ்போர்டில் கிடக்கும் ஆண்டெனாவைக் கூரை நடுவில் ஏற்றினால் பெரும்பாலும் அதைவிட அதிகம் கிடைக்கும், அதுவும் இலவசமாக.

ஜிஎம்ஆர்எஸ் ஓடுவது 462, 467 மெகாஹெர்ட்ஸில். இந்த அலை கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும்தான் போகும், குறுக்கே மலை வந்தால் வளைந்து போகாது. கைரேடியோ அட்டையில் "35 மைல்" என்று போட்டிருப்பதெல்லாம் ஒருத்தன் மலை உச்சியிலும் இன்னொருத்தன் எதிர்ப் பள்ளத்தாக்கிலும் நின்றால் வரும் கணக்கு. காருக்குக் கார், சமதரையில், நாலைந்து மைல் கிடைத்தால் உங்கள் செட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ரெண்டு மைல்கூட வரவில்லை என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது. அது ரேடியோப் பெட்டியில் இருக்க வாய்ப்புக் குறைவு.

இதை நான் இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் எங்கள் குழுவின் பிக்கப் அண்ணா. பெயர் வேண்டாம், அவரும் இந்தத் தளத்தில் இருக்கிறார். ஒரு தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு டல்லாஸிலிருந்து டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனோம், மூன்று வண்டி. என்னுடையது 15 வாட், கூரையில் ஆறங்குலத்துக் காந்த ஆண்டெனா. அண்ணா புதிதாக 50 வாட் வாங்கி, ஒரு கார் ஆடியோ கடையில் கூலி கொடுத்துப் பொருத்தியிருந்தார். பானெட் ஓரத்தில் பிராக்கெட் போட்டு ஒரு ஆளுயரத்துக்கு ஆண்டெனா. பார்த்தாலே மிரட்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க என் ஆறங்குலத்தைக் கிண்டலடித்துக் குழுவில் ஸ்டிக்கர் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒடெஸ்ஸா தாண்டியதிலிருந்து அவர் சத்தமே இல்லை. நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவதுதான் எங்களுக்கு வரவில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனில் பெட்ரோல் போட நின்றதும் இறங்கி வந்து, "தம்பி, நான் கத்துறேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க, கோபமா?" என்றார்.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து மைக்கை அமுக்கினேன். ரேடியோவின் திரை மங்கியது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கடைக்காரர் கரண்டை சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுத்திருந்தார். 50 வாட் ரேடியோ பேசும்போது பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த மெல்லிய ஒயரில் வோல்டேஜ் விழுந்துவிடுகிறது. கேட்பதற்குக் கொஞ்சம் கரண்ட் போதும், அதனால்தான் நாங்கள் பேசியது மட்டும் அவருக்குக் கேட்டது. ஐம்பது வாட் வைத்தால் பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் தனியாக வர வேண்டும், சிவப்பு ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ப்யூஸ் வேண்டும். இப்போது வரும் பல வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கிறது. கருப்பு ஒயரை அந்த முனையிலேயே கவ்வ விடாதீர்கள், பாடியில் கிரவுண்ட் போல்ட் பார்த்து மாட்டுங்கள். உங்கள் 15 வாட்டுக்கு சாக்கெட்டே போதும், இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சரி என்று லோ பவரில் போட்டேன், 5 வாட். திரை அணைவது நின்றது. ஆனால் நூறு அடி தள்ளி நின்ற என் மனைவியின் கைரேடியோவில் கரகரப்புத்தான். அப்போது அண்ணா கதவைத் திறந்துகொண்டு, மைக்கை வெளியே இழுத்து, ஒரு காலைத் தரையில் ஊன்றிப் பேசினார். கணீரென்று வந்தது! கதவைச் சாத்தினார், போச்சு. திறந்தார், வந்தது. மல்டிமீட்டரை எடுத்தேன். ஆண்டெனா ஒயரை (கோஆக்ஸ் என்பார்கள், நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக வலை) ரேடியோவிலிருந்தும் ஆண்டெனாவிலிருந்தும் கழற்றிவிட்டு, நடுக் கம்பிக்கும் வெளி வலைக்கும் இடையே வைத்தால் மீட்டர் சத்தமே போடக் கூடாது. (ஆண்டெனாவைக் கழற்றாமல் பார்க்காதீர்கள், சில ஆண்டெனாக்கள் உள்ளேயே ஷார்ட் ஆனது மாதிரித்தான் காட்டும்.) கதவு சாத்தும்போதெல்லாம் பீப் அடித்தது. கோஆக்ஸ் ஒயரைக் கதவுக் கீலுக்கு நடுவில் விட்டிருக்கிறார்கள். நசுங்கி, தோல் வெடித்து, உள்ளே வலை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இதற்கு 180 டாலர் கூலி.

என்னிடம் இன்னொரு காந்த ஆண்டெனா ஸ்பேர் இருந்தது. எங்கே ஒட்டுவது? அண்ணாவின் பிக்கப் ஃபோர்டு எஃப்-150, 2015 மாடலிலிருந்து அதற்குப் பாடி முழுக்க அலுமினியம், காந்தம் வழுக்கிக்கொண்டு விழும். ஜீப் ராங்ளரின் கெட்டிக் கூரை ஃபைபர்கிளாஸ், அங்கும் இதே கதை. சும்மா எங்காவது டேப் போட்டு நிறுத்தினாலும் ஆகாது. இந்தக் குட்டி ஆண்டெனா பாதிதான், மீதிப் பாதி அதன் அடியில் விரிந்திருக்கும் உலோகத் தகடு. கிரவுண்ட் பிளேன் என்பது அதுதான். எவ்வளவு அகலம் வேண்டும்? 75ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலை (அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு) மீட்டரில் வரும்: 462க்கு சுமார் 16 சென்டிமீட்டர். அதாவது சுற்றிலும் 16 சென்டிமீட்டர், குறுக்கே ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல்.

ஓர் அடி அகலத்தில் இரும்பு வட்டம். அண்ணி கேம்ப் ஸ்டவ்வுக்காகக் கொண்டுவந்த தோசைக்கல்.

சிரிக்காதீர்கள். கல்லைக் கவிழ்த்து நடுவில் ஆண்டெனாவை ஒட்டி, பிக்கப்பின் பின்பக்கம் கூலர் மேல் வைத்து, ராட்செட் பட்டையால் நாலு பக்கமும் இறுக்கினோம். எஸ்டபிள்யூஆர் மீட்டர் (அனுப்பும் பவரில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டுவது, எண் குறைந்தால் நல்லது) வைத்துப் பார்த்தால் 1.6. கடைக்காரர் வைத்ததில் 3ஐத் தாண்டியிருந்தது. 2க்குக் கீழே வந்தால் நிம்மதியாகப் பேசலாம். (மீட்டர் வாங்கினால் யுஎச்எஃப், அதாவது இந்த 462 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் வரிசை, அளப்பதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய சிபி ரேடியோ மீட்டர் 27 மெகாஹெர்ட்ஸுக்கானது, இங்கே காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.)

மாரத்தான் என்ற சின்ன ஊர் தாண்டி 385ஆம் சாலையில் தெற்கே போனால் பார்க் அலுவலகம் இருக்கும் பேந்தர் ஜங்ஷன் வரை சுமார் 70 மைல், செல்போனை நம்பிப் போக முடியாத பாதை. அந்தத் தூரம் முழுக்க அண்ணா 5 வாட்டில், தோசைக்கல்லிலிருந்து, பக்கத்து சீட்டில் இருப்பவர் மாதிரிப் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் நாலு மைல்போல இடைவெளி விழுந்தும் கேட்டது. மறுநாள் சாண்டா எலீனா பள்ளத்தாக்குப் பக்கம் மலைகளுக்குள் நுழைந்ததும் ஒரு மைலிலேயே மூவருக்கும் அறுந்தது. என் 15 வாட்டாக இருந்தாலும் அவர் 50 வாட்டாக இருந்தாலும் பாறைக்கு ஒன்றுதான். அண்ணிதான் பயணம் முடியும்வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை. காலையில் எல்லோருக்கும் பிரெட்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஃபிரிட்ஜில் ஒட்டும் ஒரு காந்தத்தை எடுத்துக் கூரையில் எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். பெரிய கண்ணாடிக் கூரை என்றால் அதற்குப் பின்னால் இரும்புப் பட்டை இருக்கும், அங்கே வையுங்கள். அதுவும் இல்லையென்றால் கிரவுண்ட் பிளேன் தேவைப்படாத அரை அலை ஆண்டெனா கேட்டு வாங்கி பிராக்கெட்டில் மாட்டுங்கள். ஒயரைக் கதவின் ரப்பர் பட்டை மிருதுவாக இருக்கும் மேல் மூலையில் விடுங்கள், கீல் பக்கம் வேண்டவே வேண்டாம். ஆண்டெனா மாட்டாமல் மைக்கை அமுக்காதீர்கள், ரேடியோவின் உள்ளே கடைசி டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஆண்டெனா சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் டோன், அதாவது பேச்சோடு சேர்த்து ரேடியோ அனுப்பும் அடையாள ஒலி. மெனுவில் "ப்ரைவசி கோடு" என்று இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது எதையும் மறைக்காது. உங்கள் ரேடியோவில் கேட்கும் பக்கம் டோன் போட்டிருந்தால், அந்த டோன் இல்லாமல் வரும் பேச்சை அது உங்கள் காதுக்கு விடாது, அவ்வளவுதான். எல்லா வண்டியிலும் டோனை அணைத்துவிட்டு முதலில் பேசிப் பாருங்கள். பிறகு வேண்டுமானால் போடுங்கள், அப்போதும் கோடு எண்ணை நம்பாமல் ஹெர்ட்ஸைப் பொருத்துங்கள். ஒரு கம்பெனியின் 2ஆம் கோடு இன்னொரு கம்பெனியில் வேறு ஹெர்ட்ஸாக இருக்கலாம்.

இன்னொன்று, பிள்ளைகள் கையில் இருக்கும் சின்ன வாக்கி டாக்கி 8 முதல் 14 வரையிலான சேனலில் இருந்தால் உங்கள் கார் ரேடியோவில் கேட்கும், ஆனால் பதில் பேச முடியாது. அந்தச் சேனல்கள் அரை வாட் கைரேடியோவுக்கு மட்டும்தான், காரில் பொருத்தும் ரேடியோ அதில் கேட்க மட்டுமே செய்யும். பழுது என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். 15 முதல் 22க்குள் ஒன்றுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள்.

வாக்கி டாக்கி என்றதும் வயிறு எரிகிறது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குப் பார்க்கிங் பார்க்க நாலு கைரேடியோ இரவல் கொடுத்தேன். திரும்பி வந்தது மூன்று, அதில் ஒன்றுக்கு இடுப்புக் கிளிப் இல்லை, ஒன்றில் சர்க்கரைப் பொங்கல். நாலாவதைக் கேட்டால் "ஒரு வாக்கி டாக்கிக்கு இவ்வளவு தூரம் பேசணுமா" என்று செயற்குழுவில் இருந்தவர் கேட்கிறார். பேசணும் சார். நானும் மெம்பர்ஷிப் கட்டுகிறவன்தான்.

இரைச்சல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வரும், அதனால் சொல்கிறேன். எஞ்சின் வேகம் கூடக்கூடக் கூடவே ஏறும் கீச்சுச் சத்தம், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஒயரைப் பேட்டரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கும். வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஒரே மாதிரி சரசரவென்று இருந்தால் டேஷ் கேமராவையும் மலிவு யுஎஸ்பி சார்ஜரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். ரெண்டு வண்டியைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி ஹை பவரில் சோதிக்காதீர்கள், கேட்கும் ரேடியோ திணறி, இல்லாத பழுதைக் காட்டும். அரை மைல் தள்ளிப் போய்ப் பேசுங்கள்.

லைசென்ஸ் எடுத்தீர்களா? பரீட்சை கிடையாது. எஃப்சிசி (அமெரிக்காவில் ரேடியோ லைசென்ஸ் கொடுக்கும் அரசு அமைப்பு) தளத்தில் 35 டாலர், பத்து வருஷத்துக்கு. ஹெச்1பி விசாவில் இருப்பவரும் எடுக்கலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு லைசென்ஸில் மனைவி, பிள்ளைகள், அப்பா அம்மா, அண்ணன் தம்பி, சித்தப்பா, அத்தை, மச்சான், மாமியார் வரை பேசலாம். சித்தப்பா பையன் பட்டியலில் இல்லை, நண்பரும் இல்லை, அவரவர் எடுக்க வேண்டும். தமிழில் தாராளமாகப் பேசலாம், கால் சைனை (லைசென்ஸோடு உங்களுக்குத் தரும் அடையாளக் குறி) மட்டும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், பேசி முடிக்கும்போதும், நீளமாகப் பேசினால் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும். "யாரு சார் கண்டுபிடிக்கப் போறான்" என்று எழுத வருபவர்கள் வேறு பதிலுக்குப் போங்கள்.

டொரண்டோ பக்கத்திலிருந்து படிப்பவர்கள் இதை அப்படியே செய்யாதீர்கள். கனடாவில் ஜிஎம்ஆர்எஸ்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் வரம்பு 2 வாட், கழற்ற முடியாத ஆண்டெனா. காரில் 15, 50 எல்லாம் அங்கே கிடையாது. ஊருக்குப் போகும்போது மாமா பையனுக்கு ஒரு ஜோடி எடுத்துப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், இந்தியாவில் இந்த அலைவரிசை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கூடியது இல்லை.

வண்டி மாடலும், கூரை இரும்பா கண்ணாடியா என்பதும், டோன் அணைத்தபின் என்ன ஆயிற்று என்பதும் கமெண்டில் போடுங்கள். சனி ஞாயிறுதான் பார்ப்பேன். எந்தக் கம்பெனி ரேடியோ நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், போன தடவை அதற்குப் பதில் சொல்லி ரெண்டு நண்பர்கள் பிளாக் செய்துவிட்டார்கள்.