அப்பாவின் தாமான் வீட்டை விற்கும்போது வரியில் எதையெல்லாம் கழிக்கலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அப்பாவுக்கு ஒரு தெரஸ் வீடு இருந்தது. 2024-இல் அவர் உயில் எழுதாமல் காலமானார். அம்மா முன்பே தவறிவிட்டார், நான் ஒரே பிள்ளை. 2025-இல் கிராண்ட் (வீட்டின் உரிமைப் பத்திரம்) என் பெயருக்கு மாறியது. அப்போது வீட்டின் சந்தை மதிப்பு 220,000 ரிங்கிட். பிறகு குசினியை இழுத்துக் கட்டினேன், பெயின்ட் அடித்தேன். இப்போது 270,000-க்கு ஆள் வந்திருக்கிறார். 50,000 முழுவதற்கும் வரி கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆனால் எவ்வளவு குறையும் என்பது உங்களிடம் உள்ள ரசீதுகளைப் பொறுத்தது.

நீங்கள் கட்டப்போவது நிலச் சொத்து ஆதாய வரி. மலேசியக் குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் 30%, நான்காம் ஆண்டில் 20%, ஐந்தாம் ஆண்டில் 15%, ஆறாம் ஆண்டு முதல் வரி இல்லை. கிராண்ட் உங்கள் பெயருக்கு மாறியது 2025-இல் என்பதால் நீங்கள் இன்னும் 30%-இல்தான் இருக்கிறீர்கள்.

விற்பனைக்காகச் செலவழித்ததைக் கழிக்கலாம்: ஏஜெண்டு கமிஷன், லாயர் கட்டணம், விளம்பரச் செலவு. வீட்டின் மதிப்பைக் கூட்டி, விற்கும் நாளிலும் அங்கே நிற்கும் வேலையையும் கழிக்கலாம். இழுத்துக் கட்டிய குசினி அப்படிப்பட்டது. பெயின்ட், ஒழுகிய கூரைக்கு ஒட்டுப்போட்டது எல்லாம் பராமரிப்பு, கணக்கில் வராது. நில வரியும் கதவு வரியும் அப்படித்தான்.

கமிஷன் 3% என்றால் 8,100, லாயருக்கு 2,400, குசினிக்கு 9,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000. ஆதாயம் 30,000 ஆகிறது. இதில் தனிநபர் விலக்கு உண்டு: 10,000 ரிங்கிட் அல்லது ஆதாயத்தில் 10%, எது அதிகமோ அது. உங்களுக்கு 10,000. மீதி 20,000-க்கு 30%, அதாவது 6,000 ரிங்கிட். ரசீது ஒன்றுமே இல்லையென்றால் இதே விற்பனைக்கு 12,000 கட்ட வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது குசினி ரசீதுதான். நம் ஊர்ப்பக்கம் கொன்ட்ராக்டர் ரொக்கமாக வாங்கிக்கொண்டு துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். வீட்டு முகவரி, வேலை விவரம், நிறுவனத்தின் பதிவு எண், தேதி எல்லாம் உள்ள இன்வாய்ஸ் வேண்டும், பணம் போன பேங்க் ஸ்டேட்மென்டும் கூடவே வேண்டும். இப்போதே போய்க் கேளுங்கள். பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதி வாங்கும் யோசனை மட்டும் வேண்டாம், அது பொய்க் கணக்கு.

வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஒரு குடியிருப்பு வீட்டுக்கு முழு விலக்குக் கேட்கலாம். எழுத்து மூலம் கேட்டால் இந்த 6,000-மும் போய்விடும். ஆனால் பிறகு வேறு வீட்டுக்குக் கிடைக்காது. ஐந்து ஆண்டு தாண்டினால் எப்படியும் வரி இல்லை என்பதால், அவசரமாகப் பெரிய லாபத்தில் விற்க நேரும்போதுதான் இதற்கு மதிப்பு. அப்படி ஒரு வீடு கையில் இல்லையென்றால் இங்கேயே பயன்படுத்துவதில் தவறில்லை. வேறு சொத்து இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் இந்த வரிக்கான சி.கே.எச்.டி 1ஏ படிவத்தை வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் இணையதளம் வழியாக அனுப்ப வேண்டும். சாவி கொடுத்த நாளிலிருந்து எண்ணித் தாமதமாகிறவர்கள் பலர். 2025 முதல் வரியைக் கணக்கிடும் பொறுப்பு உங்களுடையது, எனவே லாயரிடம் எல்லா ரசீதுகளையும் கையெழுத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் தரப்பு விலையில் 3%, அதாவது 8,100-ஐப் பிடித்து வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும். வரி 6,000 என்றால் மீதி 2,100 உங்களுக்குத் திரும்ப வரும். படிவத்தில் பேங்க் கணக்கு எண்ணைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.