பேஸ், அம்ப், எர்த்: திருகோணமலை மேடைக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

பேஸ் கிற்றார், அதன் அம்ப், அவற்றின் வயர். இந்த மூன்றுக்கு மட்டும் இங்கே பதில். ட்ரம்ஸ் மைக், கீபோர்ட் ஸ்டைல் பற்றிக் கேட்டவர்கள் அந்தந்த ஆட்களிடம் கேளுங்கோ.

உவர்மலையிலிருந்து: முதல் பேஸ் வாங்கப் போகிறேன். பற்றரி போடுகிறதா, போடாததா?

பற்றரி இல்லாதது, நாலு தந்தி, பிஜே பிக்கப். தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்குவது பிக்கப்; நெக் பக்கம் பி வகை, தந்தியைக் கட்டும் பிரிட்ஜ் பக்கம் ஜே வகை. யமஹா டிஆர்பிஎக்ஸ்174, ஸ்குவையர் அஃபினிட்டி பிஜே இரண்டும் அந்த வகைதான். நெக் பக்கம் இருக்கும் இரண்டு துண்டு பிக்கப் 1957இல் ஃபெண்டர் பிரிசிஷனில் வந்தது. ஒரு துண்டின் இரைச்சலை மற்றத் துண்டு அழிக்கும். கீபோர்டின் இடதுகை நிறைந்து நிற்கிற பாட்டிலும் அதன் நடுச்சத்தம் அமுங்காது. பிரிட்ஜ் பக்கத்து ஒற்றைச் சுருள் பிக்கப் தனியே நின்றால் மேடை லைற்றுக்கு இரையும். அதைப் பாதி அளவில் மட்டும் திறவுங்கோ.

பழசு வாங்கினால் முதலில் பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சாடில்களின் ஆணிகளைப் பாருங்கோ. எங்கள் உப்புக்காற்றில் அவைதான் முதலில் இறுகும். பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் அலன் கீ பிடிக்கும். திரும்பாவிட்டால் பலவந்தம் வேண்டாம், துருவிளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு இரவு வையுங்கோ. தலை தேய்ந்த ஆணியைக் கழற்றுவது பெரிய வேலை.

சீனக்குடாவிலிருந்து: ஐந்து தந்தி தேவையா?

உங்கள் கீபோர்ட்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துகிறவரா? பாடுகிறவர் அரைச்சுரம் இறக்கச் சொன்னால் அவர் ஒரு பட்டனை அழுத்துவார், நீங்கள் ஆகத் தடித்த ஈ தந்திக்குக் கீழே இல்லாத சுரத்தைத் தேட வேண்டி வரும். ஈ 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவது பீ தந்தி 31 ஹெர்ட்ஸ். அப்படியான குழுவில் ஐந்து தந்தி நியாயமான தேவை. 34 அங்குல நீளத்தில் பீ தந்தி தொய்வாகக் கேட்டால் 130 தடிப்பிலும் (0.130 அங்குலம்) போட்டுப் பாருங்கோ. பைலா மட்டும் வாசிக்கிற குழுவுக்கு நாலு தந்தி தாராளம். பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் ஓட்டம் முழுக்க ஈ, ஏ தந்திகளிலேயே நடக்கும்.

நிலாவெளியிலிருந்து: ஹோட்டல் மேடையில் "ம்ம்" என்று இரைச்சல். பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் போகும் என்கிறார்கள். வெட்டலாமா?

வெட்டவே கூடாது. உங்கள் பேஸின் தந்தி பிரிட்ஜ் வழியாக ஜாக்குக்கும், அங்கிருந்து கேபிளுக்குள் சுற்றியிருக்கும் கம்பி வலை வழியாக அம்பின் உலோக உடலுக்கும், அங்கிருந்து எர்த் முள்ளுக்கும் தொடர்கிறது. அம்புக்குள் லைவ் வயர் உடலைத் தொட்டால், எர்த் இருக்கும்போது ஃபியூஸ் போகும் அல்லது ட்ரிப் விழும். முள் இல்லை என்றால் 230 வோல்ட் உங்கள் தந்தியில் நிற்கும். நீங்கள் பாட மைக்கில் உதட்டை வைக்கிறீர்கள். மைக்கின் வலை மிக்சரின் எர்த்தோடு. கை ஒரு பக்கம், வாய் மறுபக்கம், நடுவில் நெஞ்சு.

இரைச்சலின் காரணம் பெரும்பாலும் இரண்டு எர்த் பாதை: ஒன்று அம்பின் பிளக் வழி, மற்றது டீஐ (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் பெட்டி) கேபிள் வழி மிக்சருக்கு. இதுதான் எர்த் வளையம். மருந்தும் இரண்டு. அம்பையும் மிக்சரையும் ஒரே கரண்ட் பொயின்ற்றில் இருந்து எடுங்கோ. போகாவிட்டால் டீஐயில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கோ. அது சிக்னல் கேபிளின் வலையை மட்டும் துண்டிக்கும், கரண்ட் பாதுகாப்பைத் தொடாது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது எர்த் வளையம் இல்லை, பிக்கப்போ கேபிளோ லைற்றில் இருந்து பிடிக்கிற இரைச்சல். நின்ற திசையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கோ.

மல்டிமீற்றரை ஏசியில் வைத்து ஒரு முனையைத் தந்தியிலும் மறு முனையை மைக் வலையிலும் வையுங்கோ. சைபருக்குக் கிட்டக் காட்ட வேணும். 60, 100 என்று காட்டினால் எங்கோ எர்த் இல்லை. வாயை வைக்க வேண்டாம்.

உப்புவெளியிலிருந்து: கடற்கரையில் 100 வாட் கொம்போ (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) கேட்கவே இல்லை. 200 வாங்கட்டா?

இரட்டை வாட் என்றால் கூடுவது 3 டெசிபெல்தான், காசுக்குப் பயன் தெரியாது. அறைக்குள் சுவரும் மூலையும் கீழ்ச்சத்தத்தைத் திருப்பித் தரும். மணலில் திருப்பித் தர ஒன்றும் இல்லை. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் போய்விடும். அம்ப் உங்களுக்குக் கேட்கட்டும், சனத்துக்குப் பெரிய ஸ்பீக்கர் வழியாகப் போகட்டும். அதற்கு ஒரு டீஐ பெட்டி வாங்குங்கோ. பற்றரி இல்லாத பேஸுக்கு ஆக்டிவ் டீஐ, மிக்சரில் 48 வோல்ட் ஃபான்ரம் (மைக் கேபிள் வழியே வரும் கரண்ட்) போட்டால் ஓடும். கொம்போவைப் பலகை ஒன்றில் வைத்து முகத்தை நோக்கிச் சரியுங்கோ. முழங்காலுக்கு வாசிக்க வேண்டாம்.

நிலாவெளிக்காரர் மீண்டும்: அப்படியென்றால் அம்பே எதற்கு? காதுக்குள் மொனிற்றரும் டீஐயும் போதும். பெட்டி தூக்குவது வீண்.

தம்பலகாமத்திலிருந்து: இது ஹோட்டல்காரர் கதை! கோயில் திருவிழா மேடையில் சவுண்ட்காரர் தருவது ஒரே ஒரு மொனிற்றர், அதிலும் பாடுகிறவர் மட்டும். அம்ப் இல்லாவிட்டால் ட்ரம்ஸ்காரருக்கும் ஒன்றும் கேட்காது.

இருவரும் அவரவர் மேடையைச் சொல்கிறீர்கள். ஹோட்டலில் அதே மிக்சர், அதே ஆள், ஒவ்வொரு கிழமையும் அதே ஏற்பாடு. அங்கே காது மொனிற்றர் நன்றாக ஓடும். திருவிழாவில் மிக்சர் புதிது, ஆள் புதிது, ஒத்திகை இல்லை. அங்கே உங்கள் சத்தம் உங்கள் கையில் இருக்க வேணும். 3 கிலோ அளவிலான கிளாஸ் டி ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத, பாரம் குறைந்த அம்ப்), நியோடிமியம் காந்தம் போட்ட ஒரு 12 அங்குலப் பெட்டி. இரண்டும் ஓட்டோவில் போகும். எட்டு ஸ்பீக்கர் கொண்ட அம்பெக் எஸ்விடி பெட்டி 60 கிலோவுக்கு மேல், அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தம்பலகாமத்தார்: ஹெட்டில் இருந்தே டீஐ போகிறதே, தனிப் பெட்டி ஏன்?

நல்ல கேள்வி. ஹெட்டில் 'பிரீ', 'போஸ்ட்' என்று சுவிட்ச் இருக்கும். 'பிரீ'யில் வையுங்கோ. 'போஸ்ட்'டில் வைத்தால் மேடையில் நீங்கள் பேஸ் திருகியைக் கூட்டும்போதெல்லாம் வெளியே முழுக்கச் சனத்தின் நெஞ்சு இடிக்கும், சவுண்ட்காரர் உங்கள் சத்தத்தை இறக்கிவிடுவார். ஆனால் ஹெட் நின்றால் அந்த டீஐயும் நிற்கும். தனி டீஐ பையில் கிடந்தால் பேஸை அதில் குத்தி மிச்சப் பாட்டை முடிக்கலாம். நிலாவெளிக்காரரும் அதை வைத்திருக்கிறார். எனவே இருவருக்கும் முதலில் வாங்க வேண்டியது ஒன்றேதான்.

நிலாவெளிக்காரர்: அப்போ நான் சொன்னது சரி.

ஹோட்டல் மேடைக்குச் சரி. இதோடு இந்த வாதத்தை விடுவோம்.

கிண்ணியாவிலிருந்து: 8 ஓம் பெட்டி மூன்றைப் பூட்டலாமா?

ஹெட்டின் பின்னால் 'குறைந்தது 4 ஓம்' என்று இருந்தால் கூடாது. இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 4, மூன்று சேர்ந்தால் சுமார் 2.7. ஹெட் சூடேறி நிற்கும், சிலவேளை எரியும். கேபிள் ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்க வேணும், 1.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல். கிற்றார் கேபிளின் மெல்லிய நடுக்கம்பி அந்தக் கரண்ட்டைத் தாங்காது. குழாய் (வால்வ்) அம்ப் என்றால் பெட்டி பூட்டாமல் போடவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்போர்மர் போய்விடும்.

மூதூரிலிருந்து: இரண்டு கிழமையில் தந்தி துருப்பிடிக்கிறது.

வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கோ, தந்திக்கு அடியிலும். நிக்கல் பூச்சை விட ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நிற்கும், ஃப்ரெட்டை மட்டும் கொஞ்சம் கூடத் தின்னும். படலம் பூசிய தந்தி விலை கூட, இங்கே பெறுமதியானது. 45-105 செற் போதும்.

அன்புவழிபுரத்திலிருந்து: வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் தந்தி ஃப்ரெட்டில் அடிக்கிறது. மாரியில் உயர்கிறது.

மரம் ஈரத்தைக் குடித்தும் விட்டும் நெக் வளைகிறது. முதலில் சுருதி சேருங்கோ. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமத்தி, ஏழாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளியைப் பாருங்கோ. 0.3 மில்லிமீற்றர் நல்லது. இடைவெளி இல்லை என்றால் ட்ரஸ் ரொட்டை (நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை) இளக்குங்கோ, கூட என்றால் மணிக்கூட்டுத் திசையில் இறுக்குங்கோ. ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு சுருதி சேர்த்துத் திரும்ப அளவு. நெக் சரியானபின்தான் சாடில் உயரம். முதலிலேயே சாடிலைத் தொட்டால் அடுத்த மாரியில் எல்லாம் குழம்பும்.

கிற்றார் அம்பில் பேஸ் வாசிக்கலாமா? மெல்லமாக, வீட்டில் மட்டும். கூட்டினால் ஸ்பீக்கரின் கோன் கிழியும்.

எந்தக் கொம்பனி நல்லது? முதலில் கேட்ட உவர்மலைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கோ.

ஐந்து தந்தி எடுக்கட்டா? சீனக்குடாக்காரருக்குச் சொல்லியாயிற்று.

ஜெனரேட்டரில் இரைகிறது, முள்ளைக் கழற்றினேன், நின்றுவிட்டது. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை! மேலே எழுதியது எல்லாம் இதற்குத்தான். இன்றைக்கே முள்ளைத் திருப்பிப் பூட்டுங்கோ. ஜெனரேட்டர் இன்னும் கவனம் கேட்கும். சிறிய ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்காது. அப்படியென்றால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் போட்டிருந்தாலும் விழாமல் போகலாம். ஈர மணலில் செப்புக் கம்பி இறக்கி, நியூட்ரலையும் உடலையும் இணைப்பது எலக்ட்ரீஷியனின் வேலை, மேடைக்காரரின் வேலை இல்லை. ஏற்பாட்டாளரிடம் மேடைக்கு முதல் நாளே கேளுங்கோ. அன்று பின்னேரம், பாட்டுக்கு முன், ட்ரிப்பின் சோதனைப் பட்டனை நீங்களே அமத்திப் பாருங்கோ, பிறகு தந்திக்கும் மைக்குக்கும் இடையே மீற்றர்.

இரைச்சல் பற்றி இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மூவருக்கும் இதே பதில்.