கான்வாஸில் அனுபிஸ்: வாங்கும் முன் கிட்டப் போய்ப் பாருங்கள்

கேள்வி: வரவேற்பறைச் சுவருக்கு எகிப்தியப் புராணத்தை வைத்து வரைந்த ஃபேன்டஸி கான்வாஸ் படம் ஒன்று வாங்க ஆசை. குள்ளநரித் தலையுடன் அனுபிஸ் தராசருகே நிற்கும் காட்சி, 36க்கு 24 அங்குலம். ஆன்லைனில் ஏறக்குறைய ஒரே படம் 1,200 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 7,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? மரண தெய்வத்தை வீட்டில் மாட்டலாமா என்று அம்மா வேறு கேட்கிறார்.

பதில்: அம்மாவின் கேள்விக்கு முதலில் வருகிறேன். அனுபிஸ் உயிரைப் பறிக்கிறவர் அல்ல. இறந்தவரின் உடலைப் பதப்படுத்துவதும் கல்லறையைக் காப்பதும்தான் அவர் வேலை. அவருடைய கறுப்பு, நைல் வெள்ளம் வயலில் விட்டுப்போகும் வண்டலின் நிறம். எகிப்தியருக்கு அது மறுபிறப்பைக் குறித்தது. இதைச் சொல்லிப் பாருங்கள். அப்புறமும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் பருந்துத் தலை ஹோரஸையோ பூனை வடிவ பாஸ்டெட்டையோ பாருங்கள். தினமும் அந்தச் சுவரைப் பார்க்கப் போகிறவர் அவரும்தானே.

இனி படம். இந்தக் காட்சியின் மிகப் புகழ்பெற்ற வடிவம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள, ஆனி என்ற எகிப்திய எழுத்தருக்காக எழுதிய பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளில் இருக்கிறது. வயது 3,200 ஆண்டுக்கு மேல். தராசின் ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறு தட்டில் சத்திய தேவதை மாஅத்தின் இறகு. அனுபிஸ் மண்டியிட்டுத் தராசைச் சரிபார்க்கிறார். நாரைபோல் நீண்ட அலகுள்ள தோத், எழுத்தின் தெய்வம், எழுதுகோலுடன் நிற்கிறார். அவருக்குப் பின்னால் முதலைத் தலை அம்மித், இதயம் தோற்றால் விழுங்கக் காத்திருக்கிறது. ஃபேன்டஸி ஓவியர் இதை எப்படி வேண்டுமானாலும் மாற்றி வரையலாம். ஆனால் காட்சியைப் புரிந்துகொண்டு மாற்றியிருக்க வேண்டும். நான் ஒரு முறை வாங்கிய படத்தை மாட்டிய பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு தட்டிலும் இறகு! இதயமே இல்லை. பின்னணியில் இருந்த சித்திர எழுத்துகள் எறும்பு ஊர்ந்ததுபோல் வெறும் கிறுக்கல். அதனால் தராசு, விரல்கள், எழுத்து வரிசை ஆகிய மூன்றையும் பெரிதாக்கி எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் கோப்பிலும் மையிலும் சட்டத்திலும்தான். 36 அங்குல அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி வர 5,400 பிக்சல் அகலக் கோப்பு வேண்டும். 1,600 பிக்சல் படத்தை இழுத்து அச்சிட்டால் 44 புள்ளிதான் வரும், முகம் மங்கிவிடும். பிக்மென்ட் மையா (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) என்று கேளுங்கள், சாதாரண டை மையைவிட (கரைந்த சாய மை) நிறம் நீண்ட நாள் நிற்கும். கான்வாஸ் 350 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 350 கிராம் எடை) அளவில் இருந்தால் நல்லது. சட்டத்தின் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று மூலைகளைப் பாருங்கள்.

எகிப்துப் படங்களில் அதிகம் ஏமாற்றுவது தங்க நிறம். திரையில் அது ஒளிர்கிறது. சாதாரண அச்சில் உலோக மினுமினுப்பு வராது, கடுகு மஞ்சளாகத்தான் வரும். நிஜப் பளபளப்பு வேண்டுமென்றால், தங்கத் தாள் ஒட்டியதா, மெட்டாலிக் பெயின்ட் பூசியதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இணைய வணிகத்துக்கான 2020 விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருளைத் திருப்பி எடுக்கும் நிபந்தனை எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். சொன்ன அளவுக்குச் செய்து தரும் படத்தைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சிலர் போட்டிருப்பார்கள், பணம் கட்டும் முன் படியுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: கடையில் வாங்காமல் நானே அச்சிட்டுக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம், தன்னிடமுள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இரண்டாம் ராம்சேஸின் மனைவி நெஃபர்தாரியின் கல்லறைச் சுவரோவியங்களைப் பார்த்து 1920களில் எடுத்த நகல்களும் அந்த மியூசியத்தில் உண்டு. ஐசிஸ் தேவி அரசியைக் கைபிடித்து அழைத்துப்போகும் காட்சியைத் தேடிப் பாருங்கள். படத்தின் பக்கத்தில் பொதுவுடைமை (Public Domain) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பெரிய கோப்பாகவே இறக்கிக்கொள்ளுங்கள். முழு அளவில் அச்சிடக் கொடுப்பதற்கு முன் ஓரடித் துண்டு ஒன்று சோதனைக்கு எடுத்துப் பாருங்கள்.