பொறுப்பு என்று ஒரு பதவியா? தலைமை ஆசிரியர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் பிறந்த தேதியும் இல்லை, பணியில் சேர்ந்த தேதியும் இல்லை. "எனக்கு எப்போது புரமோஷன்?" என்று மட்டும் கேட்டால் கிளி ஜோசியம்தான் பார்க்க வேண்டும். விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

பட்டதாரி ஆசிரியை, மயிலாடுதுறை: டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இல்லை. ஓய்வுக்கு 4 ஆண்டுதான். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆக முடியுமா?

2025 செப்டம்பர் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, 5 ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர் வேலையில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமானால் டெட் எழுதித் தேற வேண்டும். "விலக்கு வந்துவிட்டது" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அரசாணை எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் வதந்தி.

முதுகலை ஆசிரியர், திருவாரூர்: மாவட்டக் கல்வி அலுவலர் ஆக நேரடி வழி?

டிஎன்பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் தொகுதி 1சி தேர்வு. வயது வரம்பைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்குங்கள்.

ஆசிரியர், கும்பகோணம்: பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு எப்போது வரும்?

வருடத்துக்கு இரண்டு முறை, மே, டிசம்பர். 51 வயதில் கேட்கிற கேள்வியா இது? முப்பதிலேயே முடித்திருக்க வேண்டும்.

ஆசிரியர், தஞ்சாவூர்: மூத்தவர் பதவி உயர்வைத் துறந்துவிட்டார். என்னைப் பொறுப்புத் தலைமை ஆசிரியராக இருக்கச் சொல்கிறார்கள். ஏற்கலாமா? பணிமூப்பில் சேருமா?

ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆணையை எழுத்தில் வாங்குங்கள். பணிமூப்பில் ஒரு நாள்கூடச் சேராது.

இந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். டவுன் பள்ளியில் வேலை, பிள்ளைகள் உள்ளூரில் படிப்பு, 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்ற சம்பள உயர்வெல்லாம் வாங்கியாகிவிட்டது. பதவி உயர்வில் கூடுவது சொற்பம். பணியிடக் கலந்தாய்வில் கிடைப்பதோ வேதாரண்யம் பக்கம். துறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காலி நாற்காலியில் 'பொறுப்பு' என்று ஒட்டுப் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

நானும் 14 மாதம் ஓட்டியவன். வாரத்துக்கு 28 பீரியட் கணக்குப் பாடம் அப்படியே இருந்தது. சம்பளப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு, நிதி அதிகாரம் பெற்ற பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரின் வாசலில் காத்திருப்பேன். மாணவியர் கழிப்பறை மோட்டாரில் காயில் எரிந்துபோனது. நாலாயிரம் ரூபாய்ச் சமாச்சாரம், பில் பாஸாக ஐந்து வாரம். அதுவரை ஆயாவும் நானும் கைப்பம்பில் அடித்து வாளியில் தூக்கினோம். தாமதமாக வந்தவரை "ஏன் சார்?" என்று கேட்டால், "நீங்களும் எங்கள்ல ஒருத்தர்தானே சார்" என்று சிரிப்பார். அதே மாதம் 'தலைமைப் பண்புப் பயிற்சி'க்கு வரச் சொல்லிச் சுற்றறிக்கை!

தஞ்சாவூர்க்காரரே, பொறுப்பு ஏற்கும்போது சாவிக்கொத்து, ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு மூன்றையும் எண்ணிப் பார்த்து, பட்டியல் எழுதி, கொடுப்பவரும் நீங்களும் கையெழுத்திட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

மெட்ரிக் பள்ளி முதல்வர், நாகப்பட்டினம்: அங்கீகாரப் புதுப்பிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார் தாளாளர். தீயணைப்புச் சான்று "வந்துகொண்டிருக்கிறது" என்கிறார்.

வந்த பிறகு போடுங்கள். கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் நான்கும் கையில் இருக்க வேண்டும். பிறகு ஒரு மதிய வேளையில் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பாருங்கள்: அகலம் எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சமையல் அடுப்பு எங்கே இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் போனார்கள். டெல்டாவில் முதல்வராக இருந்துகொண்டு இதை நான் ஞாபகப்படுத்த வேண்டுமா? தாளாளர் வற்புறுத்தினால், அதையும் எழுத்தில் வாங்குங்கள். தர மாட்டார்.

தலைமை ஆசிரியர், பட்டுக்கோட்டை: பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி எட்டாவதுதான் படித்தவர். என்னிடம் கணக்குக் கேட்கிறார்.

கேட்கத்தான் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். அவர் படிப்பைப் பற்றி நீங்கள் எழுதிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கைக் காட்டுங்கள்.

தலைமை ஆசிரியை, திருத்துறைப்பூண்டி: அடைமழையில் நானே விடுமுறை விடலாமா?

விடுமுறை அறிவிப்பது ஆட்சியர். அறிவிப்பு வராத காலையில் வளாகத்தில் முழங்கால் தண்ணீர் நின்றால், போட்டோ எடுத்துக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, போனிலும் சொல்லி, பதில் வரும்வரை கேட்டில் நில்லுங்கள். ஏழரைக்கே வந்துவிடும் பிள்ளைகள் உண்டு.