இட்டாலியன் ஃபாஸ்ட் ஃபுட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'இட்டாலியன் ஃபாஸ்ட் ஃபுட்' (1986) படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தேன். ஒரு பர்கர் கடை, வந்துபோகும் இளைஞர்கள், துண்டு துண்டாக நகைச்சுவை. கதையும் பிடிபடவில்லை, சிரிப்பும் வரவில்லை. இத்தாலியர்கள் இதில் எதைப் பார்த்துச் சிரித்தார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

கதையைத் தேடாதீர்கள். லொதோவிகோ காஸ்பரினி இயக்கிய இந்தப் படம் தொலைக்காட்சியிலிருந்து கிளைத்தது. 1983 முதல் 1988 வரை இத்தாலியா 1 சானலில் வந்த 'டிரைவ் இன்' நிகழ்ச்சியில் புகழ்பெற்ற என்ட்ஸோ பிராஸ்கி, செர்ஜியோ வஸ்தானோ போன்றவர்கள்தான் இதில் நடித்திருக்கிறார்கள். அங்கே சின்னச் சின்னத் துணுக்குகள், ஒவ்வொன்றின் முடிவிலும் பதிவுசெய்த சிரிப்பொலி. படத்தில் அந்தத் தாங்கல் இல்லாததால் பல துணுக்குகள் அந்தரத்தில் நிற்கின்றன. அது படத்தின் குறைதான்.

ஆனால் உங்களுக்குச் சிரிப்பு வராததற்கு முக்கியக் காரணம் பனினாரோக்கள் யாரென்று தெரியாதது. பனினோ என்றால் உள்ளே இறைச்சியோ சீஸோ வைத்த ரொட்டி. மிலானில் 'அல் பனினோ' என்ற பாரில் கூடிய வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதிலிருந்தே பெயர் வந்தது. பிறகு அவர்கள் சான் பாபிலா சதுக்கத்தில் இருந்த பர்கி என்னும் பர்கர் கடைக்கு இடம் மாறினார்கள். எழுபதுகளில் அதே சதுக்கம் நவபாசிச இளைஞர்களின் கூடாரம். அரசியல் வன்முறையில் களைத்துப்போன நகரத்தில், அடுத்த தலைமுறை அங்கே வந்து உட்கார்ந்து சட்டை பிராண்டைப் பற்றிப் பேசியது. பர்கர் அவர்களுக்குப் பசிக்கான பண்டம் அல்ல, அமெரிக்காவைக் கையில் பிடித்திருப்பது போல.

உடையைக் கவனியுங்கள். உப்பலான மோன்க்ளேர் ஜாக்கெட், லீவைஸ் 501 ஜீன்ஸ், டிம்பர்லேண்ட் பூட்ஸ். ஜீன்ஸின் கால்பகுதியை மடித்து விட்டிருப்பார்கள், கட்டம் போட்ட பர்லிங்டன் சாக்ஸ் வெளியே தெரிவதற்காக. இதில் ஒன்று தவறினாலும் அவன் அந்தக் கூட்டத்து ஆள் இல்லை. பிராஸ்கி தொலைக்காட்சியில் பகடி செய்தது இந்தச் சீருடையைத்தான்.

அடுத்தது பேச்சு. சப்டைட்டில் கொல்வது இதைத்தான். 'கல்லோ' என்றால் சேவல், அவர்கள் வாயில் அது கெத்தான பையன். 'ஸ்ஃபிதின்ட்ஸியா' என்றால் பெண். ஆங்கிலத்தில் வெறும் பையன், பெண் என்று போட்டுவிட்டால் நகைச்சுவை வடிந்துவிடும். வஸ்தானோ 'டிரைவ் இன்'னில் செய்த வேடமும் அப்படியே. தெற்கே கலாப்ரியாவிலிருந்து மிலானின் பணக்கார பொக்கோனி பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவன். அவன் வாயைத் திறந்ததுமே ஊர் தெரிந்துவிடும், சிரிப்பு அந்த உச்சரிப்பில் இருக்கிறது.

ஆகவே முதலில் பிராஸ்கியின் பழைய துணுக்குகள் நான்கைந்தைப் பாருங்கள். பிறகு படத்தை சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட விடுங்கள், காதுக்கு மட்டும் வேலை கொடுத்து. அதன்பின் சப்டைட்டிலோடு. இதைப் பெரிய படம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே மெக்டொனால்ட்ஸ் திறந்து எதிர்ப்பு கிளம்பியதும் இதே 1986தான். அந்த எதிர்ப்பிலிருந்துதான், துரித உணவுக்கு மாற்றாக உள்ளூர்ச் சமையலைக் காக்க நினைத்த ஸ்லோ ஃபுட் இயக்கம் முளைத்தது. சண்டையின் மறுபக்கத்தில், கவுண்டருக்கு முன்னால் சந்தோஷமாக வரிசையில் நின்றவர்களின் முகங்கள் இந்தப் படத்தில் இருக்கின்றன.