ஓய்வுக்குப் பிறகு ஊருக்கா, மகன் வீட்டுக்கா?

கேள்வி: அஞ்சல் துறையிலிருந்து அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறேன். பழைய ஓய்வூதியத் திட்டம். நங்கநல்லூரில் மூன்றாவது மாடியில் சொந்த வீடு, லிஃப்ட் கிடையாது. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்துப் பூர்வீக வீட்டில் எனக்கும் பாகம் உண்டு, தம்பி குடும்பம் அங்கே இருக்கிறது. தோட்டம், கோயில் என்று அங்கேயே போய் இருந்துவிட ஆசை. பெங்களூரில் இருக்கும் மகன், "சென்னை வீட்டை விற்று அந்தப் பணத்தையும் சேர்த்துப் பெரிய ஃபிளாட்டாக வாங்கிவிடுகிறேன், எங்களோடு வந்துவிடுங்கள்" என்கிறான். மனைவிக்கு முட்டிவலியும் சர்க்கரையும் உண்டு. சென்னையை விட அவளுக்கு மனமில்லை. போனால் பழகிவிடுவாள் என்று நினைக்கிறேன். எது சரி?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: கடிதத்தைப் படித்துவிட்டு நான் திரும்பத் திரும்பப் பார்த்தது "போனால் பழகிவிடுவாள்" என்ற வரியைத்தான். தோட்டத்தைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் இவ்வளவு யோசித்த நீங்கள், அந்த ஊரில் அவர் காலையிலிருந்து இரவு வரை என்ன செய்வார், யாரோடு பேசுவார் என்று யோசித்ததாகக் கடிதத்தில் எங்குமே தெரியவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன் சார். ஓய்வுக்காலத்தின் முதல் பகுதியை இருவரும் சேர்ந்து கழிப்பீர்கள், கடைசிப் பகுதியை ஒருவர் மட்டும்தான் கழிக்கப்போகிறார். நம் குடும்பங்களில் கணவருக்கு வயது கூட, பெண்களுக்கு ஆயுளும் சற்றுக் கூட, அதனால் அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவிதான். எனவே எந்த ஊர் உங்களுக்குப் பிடிக்கும் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் எந்த ஊரில் அவர் யார் தயவும் இல்லாமல், கையில் வரும் பணத்தில், கடைக்கும் மருத்துவரிடமும் தானே போய்வந்து இருக்க முடியும்? அந்த ஊர்தான் உங்கள் ஊர்.

பணத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உங்களுக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வரும். உங்கள் 67 வயதுக்குப் பிறகு அவர் தனியாகிவிட்டால் அவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம்தான், அகவிலைப்படி தனி. வாடகை, மருந்து, வீட்டு வேலைக்கு ஓர் ஆள் என்று அந்தத் தொகைக்குள் அவரால் சமாளிக்க முடியுமா என்று இப்போதே ஒரு தாளில் இருவரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்திருக்கும் முதியோர் குடியிருப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொன்னால் அவற்றையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். அங்கே வீட்டு விலை ஒரு பக்கம், மாதாமாதம் பராமரிப்புக்கும் சாப்பாட்டுக்கும் கட்டுவது இன்னொரு பக்கம்.

சரி, கிராமம். நல்லதும் இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 முதல் நடக்கிறது, அன்றாட மருந்துக்கு அது போதும். ஆனால் பக்கவாதம் என்று வந்தால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கிராமத்திலிருந்து கும்பகோணம் வந்து, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னால், ராத்திரியில் வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போக உடம்பில் தெம்புள்ள ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். தம்பி இருக்கிறார் என்பீர்கள். அவருக்கும் வயதாகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.-இன் நல வாழ்வு மையமும் கும்பகோணத்தில் இல்லை, திருச்சியில்தான். அந்த வசதி இல்லாத ஊரில் வசிப்பவர்கள் புறநோயாளிச் செலவுக்கு மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சர்க்கரையும் முட்டிவலியும் உள்ள ஒருவருக்கு அது எத்தனை நாளைக்கு வரும்?

இன்னொன்று, அந்த வீட்டில் உங்கள் மனைவி யார்? இத்தனை வருடம் அடுப்பங்கரையை ஆண்டவர் தம்பி மனைவி. விசேஷத்துக்கு வந்து நாலு நாள் தங்கிப்போன மன்னி வேறு, நிரந்தரமாக வந்து இறங்கும் மன்னி வேறு. தனிச் சமையலறையும் தனி வாசலும் இல்லாமல் அங்கே போகாதீர்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி, உங்கள் பாகத்துக்குப் பட்டா மாறும்வரை ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

மகன் கூப்பிடுவதைப் பற்றி. கூப்பிடும் பிள்ளை கிடைத்திருக்கிறான், சந்தோஷம். போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வாருங்கள், பேரன் பேத்தி இருந்தால் மூன்று மாதமாக இருங்கள். வீட்டை விற்றுப் போகாதீர்கள். அவனுக்கு வேலை வேறு ஊருக்கு மாறலாம், வெளிநாடே போகலாம், அப்போது மொழி தெரியாத ஊரில் பதினோராவது மாடியில் பூட்டிக்கொண்டு இருக்கப்போவது யார் என்று பாருங்கள். விற்றே ஆக வேண்டும் என்றால் புது வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயரும் மனைவி பெயரும் இருக்கட்டும், வீடு விற்ற லாபத்தில் புது வீடு வாங்கினால் கிடைக்கும் மூலதன ஆதாய வரிச்சலுகைக்கும் அதுதான் சிக்கலில்லாத வழி. எப்போதாவது வீட்டை மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதினால், உங்களையும் மனைவியையும் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-ஆவது பிரிவின்படி, பராமரிப்பு கிடைக்காதபோது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் போக முடியும், நிபந்தனை எழுத்தில் இருந்தால் வழக்கு சுலபம். மகனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக இருந்தால் அவனே அதை எழுதச் சொல்வான்.

என்னைக் கேட்டால் நங்கநல்லூரிலேயே இருங்கள், மூன்றாவது மாடியில் மட்டும் இருக்காதீர்கள். முட்டிவலிக்காரருக்கு அந்தப் படிகள்தான் பெங்களூரைவிடப் பெரிய பிரச்சினை. இன்னும் சில வருடத்தில் அவர் கோயிலுக்குப் போவதும் மார்க்கெட்டுக்குப் போவதும் தானாக நின்றுபோகும், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், படிகள்தான் தடுத்திருக்கும். அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதே பகுதியில் தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள இடத்திலோ வாடகைக்குப் போங்கள். தெரிந்த மருந்துக்கடை, தெரிந்த ஆட்டோக்காரர், பெயர் சொல்லிக் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் என்று அவர் அங்கே இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருப்பதை வேறு எந்த ஊரிலும் அறுபதுக்கு மேல் புதிதாகச் சேர்க்க முடியாது.

ஊர் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. தை, மாசியில் போய் ஆசைதீர இருங்கள், அப்புறம் ஐப்பசி மழையிலும் ஒரு மாதம் இருந்து பாருங்கள், கரண்ட் போய்க் கொசு மொய்க்கும் ராத்திரிகளையும் சேர்த்து. நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழை இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம், அதற்காகச் சென்னைக்கு ஓடிவர வேண்டியதில்லை. ரயிலில் முதியோர் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, போக்குவரத்துச் செலவை முழுக் கட்டணத்தில் கணக்குப் போடுங்கள். ஒரு வருடம் இப்படிப் போய்வந்த பிறகு, உங்கள் மனைவி தானாகவே "இங்கேயே இருந்துவிடலாமே" என்று சொன்னால் நான் எழுதியதையெல்லாம் மறந்துவிட்டுப் போங்கள். கிராமம் வேண்டாம், கும்பகோணம் டவுனில் வீடு பார்க்கலாம் என்று அவர் சொன்னால் அதுவும் நல்ல யோசனைதான்.

மே மாதத்துக்குள் செய்ய வேண்டியது இரண்டு. மனைவியிடம் "எங்கே இருக்க உனக்குப் பிடிக்கும்" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். தம்பியிடம் பாகம் பற்றிப் பேசும்போது, உங்கள் பங்கை வெளியாளுக்கு விற்கும் எண்ணம் இல்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். அண்ணன் திரும்பி வருகிறார் என்றதுமே அவர்கள் வீட்டில் எழும் முதல் பயம் அதுவாகத்தான் இருக்கும்.