இருமினால் நெஞ்சு வலிக்கிறதா? டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: வயது 34. பத்து நாளாக வறட்டு இருமல். இருமும்போதெல்லாம் நடுநெஞ்சுக்குச் சற்று வலப்பக்கம் சுருக்கென்கிறது. இதயக் கோளாறாக இருக்குமோ?

நெஞ்செலும்பின் ஓரத்தில் விலா எலும்புகள் வந்து சேரும் இடங்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஓர் இடத்தில் அதே வலி அப்படியே எழுந்தால், பெரும்பாலும் இருமி இருமிக் குருத்தெலும்போ விலாத்தசையோ நொந்துபோயிருக்கிறது. இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள், அதிர்வு குறையும். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் கொடுக்கலாம். வலி முழுக்க விலகச் சில வாரம் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனம்: 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள், புகைப்பவர்கள் அழுத்திப் பார்த்ததோடு நிம்மதி அடைந்துவிடாமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பலமாக இருமியபோது விலாப்பக்கம் ‘டக்’கென்றது. அதிலிருந்து புரண்டு படுக்க முடியவில்லை.

எலும்பு தேய்ந்தவர்களுக்கு இருமலாலேயே விலாவில் கீறல் விழும், பெரும்பாலும் 5 முதல் 9 வரையுள்ள விலாக்களில். மெல்லிய கீறல் முதலில் எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். துணியால் நெஞ்சை இறுக்கிக் கட்டவே கட்டாதீர்கள். மூச்சு மேலோட்டமாகி, சளி அடியில் தங்கி, நிமோனியாவில் கொண்டுபோய் விடும். டாக்டர் தரும் வலி மாத்திரையைத் தவறாமல் கொடுத்து, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காய்ச்சலும் இருமலும் இருக்கிறது. மூச்சை ஆழ இழுத்தால் ஒரு பக்கம் குத்துகிறது.

நுரையீரலுக்கு வலி தெரியாது, அதைச் சுற்றிய உறைக்குத்தான் தெரியும். நிமோனியா அந்த உறையைத் தொட்டால் இப்படிக் குத்தும். உட்காரவைத்து, நெஞ்சு எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 30-ஐத் தொட்டாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ உடனே ஆஸ்பத்திரி. விரல் சில்லென்றிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல், எடையும் குறைகிறது. மெடிக்கலில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போட்டதும் பரவாயில்லை.

தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த மருந்து காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கிவைக்கும், அதனால் நோயைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, அடியிலிருந்து காறி வரும் கோழையைக் கொடுங்கள்.

கேள்வி: படுத்தால்தான் இருமல், நெஞ்சும் எரிகிறது.

வயிற்று அமிலம் மேலேறி வரும் எதுக்களிப்பாக இருக்கலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், கட்டிலின் தலைப்பக்கக் கால்களை அரை அடி உயர்த்துங்கள். ஆனால் படுத்ததும் மூச்சு திணறி, எழுந்து உட்கார்ந்தால் சரியாகிறது, காலும் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருகிறதே?

நம்பாதீர்கள், அதில் போவது பொன்னான நேரம். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போகாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். ஆபரேஷனுக்குப் பின்னோ நெடும் பயணத்துக்குப் பின்னோ ஒரு கால் மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கி, சளியில் ரத்தம் வந்தாலும் 108தான். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். அந்தச் சந்தேகத்துக்கு ஆஸ்பிரின் மருந்தல்ல.